கணக்கு முழுசு, மற்றது பாதி

லிஃப்டைக் கண்டுபிடித்தவன் மாடிப்படி ஏறிச் சலித்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த லிஃப்டைப் பழுது பார்க்கிறவனுக்கு மாடிப்படியைத் தவிர வேறு கதி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டுக்கு எவனாவது மெக்கானிக்கைக் கூப்பிடுவானா? நின்று போனால்தான் கூப்பிடுவான். நின்று போனதில் ஏறி எங்கே போவது? தாஜுதீன் இதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பத்து வருஷம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் சிரிப்பு போய் மூட்டுவலி வந்துவிட்டது.

வீடு திருச்சி வரகனேரியில். வேலை முக்கால்வாசியும் ஸ்ரீரங்கத்தில். சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களெல்லாம் கடைசிக் காலத்தில் பெருமாள் காலடியில் இருப்போம் என்று வந்து ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொண்ட ஊர் அது. சந்துக்குச் சந்து நாலு மாடி எழும்பியிருந்தது. வாங்கினவர்களுக்கோ எழுபது வயது. லிஃப்ட் அரைமணி நேரம் நின்றாலும் போன் வந்துவிடும். "பாய், சீக்கிரம் வாங்கோ, மாமி கீழயே நிக்கறா" என்பார்கள். அந்த மாமி எத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் அது தாஜுதீன் செய்த குற்றம்.

வந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. லிஃப்ட் கதவு ஓடுவதற்குத் தரையில் ஒரு பள்ளம் உண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கையில் துளசியும் அட்சதையும் பூவுமாக ஏறுவார்கள். அதில் பாதி அந்தப் பள்ளத்தில் விழும். நாலு நாள் சேர்ந்தால் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. தாஜுதீன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் பள்ளத்தைச் சுரண்டி எடுப்பார். கோயிலில் என்ன விசேஷம் நடக்கிறது என்பது காலண்டர் பார்க்காமலே அவருக்குத் தெரியும். "இங்க எதையும் போடாதீங்க சார்" என்பார். "போடுவோமோ பாய்? தெரியாம விழுந்திருக்கும்" என்பார்கள். அடுத்த வாரம் திரும்ப வருவார்.

வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போவார். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்குவார். "ஒங்க அத்தா கேள்வி கேட்டா பதிலை மறுநாள் காலையில சொல்லு" என்று மகளிடம் சொல்லுவாள் மனைவி ஷரபுன்னிசா. கேலிதான். ஆனால் அந்த வீட்டில் அது பழக்கமாகவும் ஆகிவிட்டிருந்தது.

மகள் ஒரே மகள். இன்ஷா. பிளஸ் டூ படித்தாள். பேச்சு குறைச்சல், கணக்கு அதிகம். அடுப்படி டைல்ஸ் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் கணக்குப் போட்டுவிட்டு ஈரத்துணியால் துடைப்பாள். "மத்த வீட்டுச் சுவர்ல எண்ணெய் பிசுக்கு, நம்ம வீட்டுச் சுவர்ல இண்டிக்ரேஷன்" என்று ஷரபுன்னிசா அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பாதி பெருமை.

பள்ளிக்கூடத்தில் என்.ஐ.டி. மாதிரி மத்திய அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான ஜே.ஈ.ஈ. பரீட்சைக்கும் சேர்த்துத் தயார் செய்தார்கள். ஜனவரியில் எழுதினாள். பிப்ரவரியில் ரிசல்ட் வந்த அன்று தாஜுதீன் ஸ்ரீரங்கத்தில் மூன்று கட்டடம் ஏறி இறங்கிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, ரிசல்ட் வந்துருச்சு. தொண்ணூத்தி மூணு பாயின்ட் ரெண்டு எட்டு பர்சென்டைல்."

பர்சென்ட் வரைக்கும் காதில் விழுந்தது. 'டைல்' என்றால் அவருக்குத் தெரிந்தது தரையில் ஒட்டுகிற டைல்தான். அது எதற்கு இங்கே வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை. "தொண்ணூத்தி மூணா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஷூ போட்ட காலோடு வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தார். மகளின் போனை வாங்கிப் பார்த்தார். பாடவாரியாகவும் நம்பர் போட்டிருந்தது. கணக்கு தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு. இயற்பியல் தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு. வேதியியல் தொண்ணூறு புள்ளி நான்கு.

கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று மூன்று நம்பரை வரிசையாகப் பார்த்தால் தமிழ்நாட்டில் எந்தத் தகப்பனுக்கும் கை சும்மா இருக்காது. கணக்கு முழுசு, மற்றது ரெண்டும் பாதி. கணக்கின் மார்க்கை அப்படியே எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் இருநூறுக்கு ஒரு எண் வரும். அதுதான் கட்ஆஃப். வேறு ஊர்களில் கட்ஆஃப் என்றால் கல்லூரி கேட்கிற எல்லை மார்க். இங்கே அது பிள்ளையின் சொத்து. "ஒம் பையன் கட்ஆஃப் எவ்வளவு?" என்றுதான் டீக்கடையில் கேட்பார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துப் போடுகிற கணக்கு அது. அக்கா மகனுக்குத் தாஜுதீனே போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் ஜே.ஈ.ஈ. நம்பரையும் அதே உரலில் போட்டு இடித்தார்.

"தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு. அதோட நாப்பத்தேழு புள்ளி ஆறு. அதோட நாப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு. நூத்தி எண்பத்தி நாலு புள்ளி நாலு! யா அல்லாஹ்! ஏ ஷரபு, இங்க வா, ஒம் மக கட்ஆஃப் நூத்தி எண்பத்தி நாலு!"

"அத்தா, இதுக்கு அப்படிப் போட மாட்டாங்க" என்றாள் இன்ஷா.

அவர் அதற்குள் போனில் அக்கா ஹபீபாவைக் கூப்பிட்டிருந்தார். "அக்கா, நம்ம இன்ஷா என்.ஐ.டி. போகப்போவுதுக்கா! துவாக்குடி என்.ஐ.டி.! ஆமா! இன்ஷா அல்லாஹ், இன்ஷா என்.ஐ.டி.!" தன் சிலேடைக்குத் தானே சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது. இன்ஷா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

துவாக்குடி என்.ஐ.டி. திருச்சிக்காரர்களுக்கு வெளியூர்க் கல்லூரி இல்லை. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்டைப் பார்க்கலாம். உள்ளே போகிற பிள்ளைகள் முக்கால்வாசி வேறு பாஷை பேசும், அவ்வளவுதான். தாஜுதீன் ஒருதரம் உள்ளேயே போயிருக்கிறார், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மாட்டுகிற வேலைக்கு. மரத்தடியில் பெண் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தார். அன்றைக்கு இன்ஷாவுக்கு ஐந்து வயது. அன்றைக்கே அவர் மனசில் அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஓர் இடம் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் வேறு கேட்டுக்கு மேலே ஃபிளெக்ஸ் கட்டியது. 'சாதனை மாணவி' என்று படம் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் 93.28. அது என்ன 93.28, மார்க்கா, சதவீதமா, ஜுரமா என்று எதுவும் போடவில்லை. தாஜுதீன் ஸ்ரீரங்கம் போகிற வழியை விட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் அதன் கீழே நின்ற பூக்காரியிடம் "எம் பொண்ணு" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

ஏப்ரலில் இரண்டாவது தடவை எழுதி, கடைசி மதிப்பெண் அட்டை வந்தது. இந்தத் தடவையும் ஏறக்குறைய அதே நம்பர். கூடவே ஆறு இலக்கத்தில் இன்னொரு நம்பர் இருந்தது. அதுதான் ரேங்க். தாஜுதீன் அதை அப்ளிகேஷன் நம்பர் என்று நினைத்துக்கொண்டார். அந்த அட்டையில் அப்படி நீள நீளமாக நிறைய நம்பர் இருந்தது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. "பாஸாம்மா?" என்று கேட்டார். "நல்ல மார்க் அத்தா" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எவ்வளவு என்று கேட்கவில்லை. என்.ஐ.டி.க்குப் போகிற பிள்ளைக்கு பிளஸ் டூ மார்க் எதற்கு?

இரண்டு நாள் கழித்து அவள் வந்து நின்றாள். "அத்தா, அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்கு ரெஜிஸ்டர் பண்ணணும். என்னோட சாதிச் சான்றிதழ்ல இனிஷியல் மாறியிருக்கு. அதை மாத்தணும். முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட்டும் வாங்கணும். நீங்க இ-சேவைக்கும் தாலுகா ஆபீசுக்கும் வரணும்."

இ-சேவை, அப்புறம் வி.ஏ.ஓ., அப்புறம் ஆர்.ஐ., அப்புறம் தாலுகா ஆபீஸ். அந்த அலைச்சலை நினைத்தபோதே தாஜுதீனுக்கு முழங்கால் வலித்தது. அதற்கு லீவு போட வேண்டும். லீவு போட்டால் ஸ்ரீரங்கத்தில் ஏதாவது ஒரு மாமி கீழேயே நிற்பாள்.

"பார்க்கலாம்மா" என்றார்.

"கடைசித் தேதி இருக்கு அத்தா."

"நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்? என்.ஐ.டி. முதல் லிஸ்ட் வரட்டும். பார்க்கலாம்."

பார்க்கலாம்மா என்பது அவர் வாயில் இருபது வருஷமாக ஊறிய வார்த்தை. ஸ்பேர் பார்ட் எப்போது வரும் என்று கேட்கிற ஃபிளாட் செக்ரட்டரிகளிடம் சொல்லிச் சொல்லி வந்தது. அதில் இல்லை என்பதும் கிடையாது, ஆமாம் என்பதும் கிடையாது. கேட்டவர் சலித்துத் தானே போய்விடுவார். இன்ஷாவும் போனாள். மறுபடி ஒரு நாள் வந்தாள். அன்றும் அவர் நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தார். என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லை.

ஜூன் நடுவில் ஒரு நாள், அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்திலிருந்து போன் வந்தது. போனார். மூன்றாவது மாடியில் கதவு பாதி திறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்தத் தளத்தில் குடியிருக்கிற வீரராகவன், கட்டடத்துக்குச் செக்ரட்டரி. பேங்க் உத்தியோகத்தில் இருக்கிற மனிதர், தாஜுதீன் வயதுதான் இருக்கும். அன்றைக்கு லீவில் இருந்தார். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். தானும் கதவோரமாக நின்றார். அவர் முகமும் தூங்கி எழாத முகமாக இருந்தது.

"என்ன சார், ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு இருக்கு பாய். பையன்தான். ஜே.ஈ.ஈ. எழுதினான். திரும்பவும் ஒரு வருஷம் எழுதறேங்கறான். ஆத்துல யாரும் யாரோடயும் பேசறதில்லை."

தாஜுதீனுக்கு அனுதாபமாகத்தான் இருந்தது. ஆனால் அனுதாபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததையும் மறைக்க முடியவில்லை. "எம் பொண்ணும் எழுதிச்சு சார்" என்றார், பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டே. "ஆண்டவன் புண்ணியத்துல கட்ஆஃப் நூத்தி எண்பத்தி நாலு. நம்ம என்.ஐ.டி. கிடைச்சிரும்."

"அது பிளஸ் டூ மார்க்குக்குன்னா போடுவா? ஜே.ஈ.ஈ.ல எவ்வளவு?"

"ஜே.ஈ.ஈ.லதான் சார். கணக்கு முழுசு, மத்தது ரெண்டும் பாதி. நானே போட்டேன்."

வீரராகவன் சிரிக்கவில்லை. "மொத்தமா எவ்வளவு போட்டிருந்தது பாய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தொண்ணூத்தி மூணு புள்ளி ரெண்டு எட்டு."

"எம் பையன் தொண்ணூத்தேழு" என்றார் வீரராகவன். "அவனுக்கே இங்க கிடைக்காது."

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது. தொண்ணூற்றேழுக்கு எப்படிக் கிடைக்காமல் போகும்? ஏதோ கோட்டா விவகாரம் என்று நினைத்தார். "எப்படி சார்? நூத்துக்குத் தொண்ணூத்தேழு வாங்கியுமா?"

"அது நூத்துக்கு வாங்கின மார்க்கே இல்லை. அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறா, நானும் ஏமாந்தேன்." வீரராகவன் லிஃப்ட் கதவில் சாய்ந்துகொண்டார். "மார்க் முந்நூறுக்கு. ஒம்ம பொண்ணு அதுல நூத்திச் சொச்சம் வாங்கியிருப்பா, நல்ல மார்க்தான். ஆனா இந்தப் பரீட்சை ஒரே நாள்ல நடக்கறதில்லை. பல நாள், பல வேளை, வேளைக்கு ஒரு கேள்வித்தாள். ஒண்ணு கஷ்டமா இருக்கும், ஒண்ணு சுலபமா இருக்கும். மார்க்கை நேருக்கு நேர் வெச்சுப் பாக்க முடியாது. அதனால, இவ எழுதின வேளையில எழுதினவாள்ல நூத்துக்கு எத்தனை பேர் இவளுக்குச் சமமாவோ பின்னாடியோ இருக்கான்னு எண்ணறா. அதுதான் தொண்ணூத்தி மூணு. பின்னாடி நிக்கறவாளோட கணக்கு அது."

"அப்ப முன்னாடி ஏழு பேர்தானே சார்?"

"நூத்துக்கு ஏழு பேர். எழுதினது கிட்டத்தட்ட பதினஞ்சு லட்சம் பேர்." அவர் ஜன்னல் வழியாக வெளியே தெரிந்த ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வைகுண்ட ஏகாதசிக்கு கியூ நிக்கறதைப் பாத்திருப்பீர். நூத்துக்கு ஏழு பேர் முன்னாடின்னா ஒண்ணுமில்லை மாதிரி இருக்கும். ஜனம் பதினஞ்சு லட்சம்னா, நமக்கு முன்னாடி லட்சம் பேர் நிப்பா. அட்டையில ரேங்க்னு ஆறு இலக்கத்துல போட்டிருக்குமே, பாக்கலையா?"

ஆறு இலக்கம் தாஜுதீன் கண்முன் வந்தது. ஒன்றில் ஆரம்பிக்கிற ஆறு இலக்கம்.

"பின்னாடி நிக்கறவாளை ரெண்டா வகுத்து, கணக்கோட கூட்டினா என்ன வரும் பாய்?" என்றார் வீரராகவன். கேலியாகச் சொல்லவில்லை, தன் அலுப்பில் சொன்னார். "ஒண்ணும் வராது. ஆனா கவலைப்படாதீர். பொண்ணு புத்திசாலி. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல போட்டிருப்பேள் இல்லையா, அதுல நல்லதா வந்துடும்."

கதவு சரியாகிவிட்டது. மூடித் திறந்து மூடிப் பார்த்தார். வீரராகவன் "ஏறிப் பாருங்கோ" என்றார். தாஜுதீன் ஏறவில்லை. படி வழியாகவே இறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து, மகளுக்குப் போன் செய்தார்.

"பாப்பா, அந்தக் கவுன்சிலிங் ஃபார்ம் போடணும்னு சொன்னியே. இன்னிக்கே போயிரலாமா? நான் லீவு சொல்லிடறேன்."

"அது முடிஞ்சிருச்சு அத்தா."

"எப்ப?"

"போன வாரமே."

"ஒரு நாள் ரெண்டு நாள் கூடக் குடுப்பாங்கல்ல?"

"இல்ல அத்தா."

"சரிம்மா" என்றார். மேலே யாரோ பட்டனை அழுத்த, லிஃப்ட் அவருக்குப் பக்கத்துச் சுவருக்குள் மெல்லிய சத்தத்தோடு ஏறிப் போயிற்று.

காவிரிப் பாலத்தில் வரும்போது வண்டியை ஓரம் கட்டி நிறுத்தலாம் போல இருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தெம்பு இருக்காது என்று ஓட்டிக்கொண்டே வந்தார். நாலு மாதமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணப் பார்த்து, பூக்காரி வரைக்கும் வந்து, எண்ணுவதை விட்டுவிட்டார். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைக்கு இந்த வருஷம் காலேஜ் எங்கே?

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றினார். வாசலிலேயே உட்கார்ந்து கழற்றினார். ஷரபுன்னிசா அதைப் பார்த்தே பயந்துபோனாள். "என்னங்க ஆச்சு? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இன்ஷாவ வரச்சொல்லு."

வந்து உட்கார்ந்தாள். தாஜுதீன் வீரராகவன் சொன்னதையெல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே மகள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது.

"ஒனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் அத்தா. ரேங்க் ஒரு லட்சத்துக்கு மேல. என்.ஐ.டி. வராது."

"அடிப்பாவி, தெரிஞ்சுமா சும்மா இருந்தே?" என்று ஷரபுன்னிசா குரலை உயர்த்தினாள். "நாலு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு, நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கே! எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் இந்த மனுசன் காதப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்ல தாலுகா ஆபீசுக்கு!"

"விடு ஷரபு" என்றார் தாஜுதீன். "ஏம்மா, எங்கிட்ட சண்டை போட்டாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அத்தா."

"எப்ப?"

"முதல் நாளே சொன்னேன், நீங்க ஹபீபா மாமிகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் மே மாசம் ரெண்டாவது தடவை ஃபார்ம் பத்திக் கேட்க வந்தப்ப, முழுசாவே சொன்னேன். பர்சென்டைல்னா என்னன்னு, ரேங்க் எவ்வளவுன்னு, எல்லாம். நீங்க நாற்காலியில இருந்தீங்க. கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

இன்ஷா அம்மாவைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள். சொல்ல விருப்பமில்லாதது தெரிந்தது.

"சொல்லும்மா."

"'பாப்பா, அத்தாவுக்கு ரொம்ப அசதியா இருக்கு. இது ஒண்ணையாவது கொஞ்ச நாள் சந்தோஷமா நெனச்சுக்கிட்டு இருக்க விடு'ன்னு சொன்னீங்க."

ஷரபுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். தாஜுதீனுக்கு அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். அந்த வார்த்தைகள் அவருடையவைதான், அந்த அசதியும் அவருடையதுதான். தூக்கத்தில் சொன்ன பேச்சுக்குப் பிள்ளை இவ்வளவு மரியாதை கொடுத்துவிட்டாளே. கொஞ்சம் மரியாதை கெட்டவளாக இருந்திருக்கக்கூடாதா!

"இப்ப என்ன வழி இருக்கு?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட்ல துணைக் கவுன்சிலிங் வெப்பாங்க. அதுல போடலாம்."

"அதுல என்ன கிடைக்கும்?"

"எல்லாரும் எடுத்துட்டு மிச்சம் இருக்கிறது."

ஷரபுன்னிசா எழுந்து போய் டீ போட்டாள். டீ வந்தது, ஆறியது. அப்போது போன் அடித்தது. ஸ்ரீரங்கமாக இருக்கும் என்று தாஜுதீன் எடுத்தார். ஹபீபாக்கா.

"தம்பி, டி.வி.ல என்.ஐ.டி. லிஸ்டு வருதுன்னு சொல்றாங்களேடா! நம்ம புள்ள பேரு வந்துருச்சா?"

போனை இன்ஷாவிடம் கொடுத்துவிடலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பார்க்கலாம் என்று சொல்லலாம். எல்லா வழியும் அவருக்குத் தெரிந்த வழிதான்.

"இல்லக்கா, வராது. அது தப்பு" என்றார். "புள்ள நல்லாத்தான் எழுதியிருக்கு. நான்தான் தப்பாக் கூட்டிட்டேன்."

"என்னடா சொல்றே? நூத்தி எண்பத்தி நாலுன்னியே?"

"அப்படி ஒரு கட்ஆஃபே கிடையாதுக்கா. அது நானாப் போட்ட கணக்கு. கட்ஆஃப்னா அது பிளஸ் டூ மார்க்குக்குத்தான்."

"அட அல்லாவே! அப்ப பிளஸ் டூ மார்க்குக்கு எவ்வளவுடா கட்ஆஃப்?"

தாஜுதீனுக்குத் தெரியாது. மார்க் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அவர் கேட்டதில்லை. போனைக் காதில் வைத்தபடியே மகளைப் பார்த்தார். அக்காவின் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"கணக்கு தொண்ணூத்தஞ்சு அத்தா. பிசிக்ஸ் தொண்ணூத்திரண்டு. கெமிஸ்ட்ரி தொண்ணூத்தி மூணு."

கூட்டுத்தொகையை அவள் சொல்லவில்லை. அவருக்கே விட்டுவிட்டாள். தொண்ணூற்றைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தாறரை. கூட்டினார். ஒரு தரம் கூட்டிவிட்டு நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினார்.

"நூத்தி எண்பத்தேழரை" என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "பாப்பா, இதுக்கு எங்க கிடைக்கும்?"

"போன வருஷ லிஸ்ட்ட வெச்சுப் பார்த்தா, பி.சி. முஸ்லிம் கோட்டாவுல நம்ம ஊர் அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ்லயே கிடைச்சிருக்கும் அத்தா."

அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது. "அடேய், நூத்தி எண்பத்தேழரையா! அது நீ சொன்னத விட ஜாஸ்தியாச்சேடா, கூறுகெட்டவனே! என்.ஐ.டி. போனா போவுது. வீட்டுச் சோத்தத் தின்னுட்டு இங்கயே போயிட்டு வரட்டும் புள்ள. அல்ஹம்துலில்லாஹ். எப்படா சேர்க்கிறே?"

தாஜுதீன் ஆறிப்போன டீயை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"என்னடா சத்தத்தையே காணோம்? தம்பி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றார். "ஃபார்ம் போடல. புள்ள ரெண்டு தடவை வந்து கேட்டுச்சு. நான்தான் பார்க்கலாம்னுட்டேன்."